முதல் வரிக்கு மேலே மூன்று வரி

வேலை மிகச் சின்னது. எங்கள் ஸ்கிரிப்ட் கோப்புகள் எல்லாவற்றின் தலையிலும் மூன்று வரி உரிமக் குறிப்பு சேர்க்க வேண்டும். நூற்றுச் சொச்சம் கோப்புகள். பாதி பாஷ் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் ‘ஷெல்’ நிரல்களில் ஒன்று), மீதி பைத்தான், ஓரத்தில் சில எக்ஸ்எம்எல். கையால் திறந்து ஒட்டினால் ஒரு மாலை முழுக்கப் போய்விடும். உரைக் கோப்புகளை வரி வரியாகத் திருத்தும் செட் (sed) கட்டளையில் ஒரே வரி. அதை எழுதி ஓட்டியவன் நான்தான். எனவே யார் செய்தது என்ற மர்மம் இதில் கிடையாது. ஏன் நான்கு நாள் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் கதை.

கட்டளை இப்படி. ஃபைண்ட் கோப்புகளைத் தேடித் தரும், ஒவ்வொன்றின் மீதும் செட் ஓடும். செட்டுக்குக் கொடுத்த நிரலில் முதலில் 1 என்ற எண், அதை ஒட்டி ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து, பிறகு அந்த மூன்று வரிகள். ஒன்றாம் வரி வந்ததும் அதற்கு முன்னால் இதை எழுது என்று பொருள். வெளியே ‘-ஐ’ என்ற ஆப்ஷனும் உண்டு. அது வேறு: விளைவைத் திரையில் கொட்டாமல் கோப்பிலேயே எழுது என்கிறது. ஒரே எழுத்துக்கு இரண்டு வேலை. புதிதாகக் கற்பவர்கள் இதில் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

செருகிய மூன்று வரியும் ‘#’ குறியில் தொடங்கின. பாஷுக்கு அது கமெண்ட், அதாவது ஓட்டாமல் தாண்டிவிடும் குறிப்பு. பைத்தானுக்கும் கமெண்ட். இந்த மாற்றத்தின் பதிவை, அதாவது கமிட்டைப் பார்வையிட்ட சக பணியாளர் இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்தார். எல்லாம் பச்சை நிறக் கூட்டல் வரிகள், ஒரு வரிகூட அழிந்திருக்கவில்லை. “வெறும் கமெண்ட்தானே” என்று சொல்லி ஒப்புதல் கொடுத்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வெள்ளிக்கிழமை மாலை அது சர்வருக்குப் போனது.

சனி, ஞாயிறு, திங்கள்: ஒன்றும் இல்லை

எக்ஸ்எம்எல் கோப்புகள் மட்டும் உடனே கத்தின. அவற்றுக்கு ‘#’ வரி பொருந்தாது என்பதால் அவற்றின் கமெண்ட் வடிவத்தில்தான் செருகியிருந்தேன். ஆனாலும் எக்ஸ்எம்எல் அறிவிப்பு வரி ஒரு கோப்பில் இருந்தால் அது கோப்பின் முதல் எழுத்திலிருந்து தொடங்கியாக வேண்டும். அதற்கு மேல் ஓர் இடைவெளிகூட ஆகாது. படிக்கும் நிரல் பிழை காட்டி நின்றது. பத்து நிமிடத்தில் அவற்றைச் சரிசெய்துவிட்டு, எக்ஸ்எம்எல்லின் கெடுபிடி இது என்று முணுமுணுத்தபடி வீட்டுக்குப் போனேன். அந்தக் கெடுபிடி மற்றக் கோப்புகளுக்கும் உண்டா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

திங்கள் காலையில் இன்னொரு தடயம் வந்தது, அதையும் தவறவிட்டோம். ஒருவர் தன் மடிக்கணினியில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்டைப் பெயரைத் தட்டி ஓட்டியிருக்கிறார். மவுஸ் குறி கூட்டல் குறியாக மாறி, எங்கோ சொடுக்கச் சொல்லிக் காத்திருந்தது. டெஸ்க்டாப் மென்பொருள் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மறுதொடக்கம் செய்துவிட்டார். உண்மையில் நடந்தது வேறு: அந்தப் பைத்தான் கோப்பை பைத்தான் படிக்கவில்லை, ஷெல் படித்தது. பைத்தான் கோப்புகள் பெரும்பாலும் ‘இம்போர்ட்’ என்ற சொல்லோடுதான் தொடங்கும். இமேஜ்மேஜிக் என்ற படத் தொகுப்பு நிறுவப்பட்ட கணினியில் அதே பெயரில் ஒரு கட்டளை உண்டு, திரையைப் படம் பிடிப்பதற்காக. ஷெல் அதை விசுவாசமாக ஓட்டியது. இதை அனுபவித்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அன்றைக்கு எங்களில் எவருக்கும் அது பொறிதட்டவில்லை.

செவ்வாய்: பேக்கப் கோப்பு திறக்கவில்லை

எங்கள் பேக்கப் ஸ்கிரிப்ட் மணிக்கு ஒருமுறை க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் நிரல்) ஓடும். அன்றைய தேதியிட்ட ஒரே ஆவணக் கோப்பில், டார் என்ற தொகுப்புக் கட்டளை கொண்டு, புதிதாக மாறியவற்றைச் சேர்த்துக்கொண்டே போகும். சில நாள் ஒரு சுற்று ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். அடுத்த சுற்று வந்து மோதாமல் இருக்கத் தொடக்கத்திலேயே ஒரு காவல்: லாக் கோப்பு (ஒரு சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டும் பூட்டுக் கோப்பு) இருக்கிறதா என்று பார், இருந்தால் சத்தமில்லாமல் வெளியேறு. ஆண்டுக்கணக்கில் ஓடிய ஸ்கிரிப்ட்.

செவ்வாய்க்கிழமை சரிபார்ப்பில் முந்தைய நாள் ஆவணம் பாதியில் உடைந்திருப்பது தெரிந்தது. இரண்டு சுற்றுகள் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் எழுதியிருக்கின்றன என்பது பதிவுகளில் தெளிவாக இருந்தது. லாக் கோப்பும் இருந்தது. இருந்தும் காவல் தடுக்கவில்லை.

ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டிப் பார்த்தேன். லாக் கோப்பை உருவாக்கி வைத்துவிட்டு ஓட்டினால் ஒழுங்காக வெளியேறியது. பத்து முறை ஓட்டினேன், பத்து முறையும் சரி. க்ரானில் மட்டும் தவறு.

‘கையால் ஓட்டினால் சரி, க்ரானில் தவறு’ என்றால் இந்தத் தொழிலில் எல்லோர் வாயிலும் முதலில் வருவது, கட்டளைகளை எந்த அடைவுகளில் தேடுவது என்று சொல்லும் ‘பாத்’ மாறி. க்ரான் மிகக் குறுகிய சூழலில் ஓட்டும், நம் டெர்மினலில் உள்ள அமைப்புகள் அதற்குத் தெரியாது. பத்தில் ஒன்பது முறை அதுதான் காரணம். அந்த ஒன்பதை நம்பி அரை நாளை வீணடித்தேன். எல்லாக் கட்டளைக்கும் முழுப் பாதை கொடுத்தேன், டைம்ஸோன் பார்த்தேன், வட்டு பழுதோ என்றுகூடச் சோதித்தேன்.

முடிச்சு அவிழ்ந்தது பிஎஸ் கட்டளையில். க்ரான் ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஓடும் செயல்களின் பட்டியலை எடுத்தேன். ஸ்கிரிப்டின் பெயருக்கு முன்னால் ‘/பின்/பாஷ்’ என்று இருக்க வேண்டும். அங்கே இருந்தது ‘/பின்/எஸ்எச்’. கோப்பைத் திறந்தேன். இந்தக் கோப்பை எந்த நிரல் ஓட்ட வேண்டும் என்று சொல்லும், ‘#!’ என்று தொடங்கும் ஷெபாங் வரி நான்காம் வரியில் உட்கார்ந்திருந்தது. மேலே என் மூன்று வரி.

இரண்டு பைட்

ஒரு கோப்பை ஓட்டச் சொன்னால் லினக்ஸ் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, அதன் தொடக்கத்தைப் பார்க்கிறது. முதல் இரண்டு பைட் ‘#’, ‘!’ என்று இருந்தால் அந்த வரியில் எழுதியிருக்கும் நிரலை அழைத்துக் கோப்பை அதன் கையில் கொடுக்கும். தேடிப் பார்க்காது; இரண்டாம் வரிக்குப் போகாது. முதல் பைட்டில் இல்லையென்றால் இல்லைதான். அப்போது ஷெபாங் வரி பாஷுக்கு என்னவோ அதுவே கர்னலுக்கும்: ஒரு கமெண்ட்.

கர்னல் இந்த வடிவம் எனக்குத் தெரியாது என்று பிழையைத் திருப்பி அனுப்பும். அதோடு நின்றிருந்தால் நல்லது. அழைத்தது ஷெல் என்றால் அது கைவிடுவதில்லை. அப்படியானால் இது எனக்கான ஸ்கிரிப்டாக இருக்கும் என்று தானே எடுத்து ஓட்டுகிறது. இது பிழையல்ல, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்திலேயே இருக்கும் நடத்தை. காரணம் வரலாற்றில் இருக்கிறது. ஷெபாங்கை பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்ச்சி அறிமுகப்படுத்தியது 1980 ஜனவரியில். அதற்கு முன்பு ஸ்கிரிப்ட் என்றாலே ஷெல் ஸ்கிரிப்ட்தான். கர்னல் மறுத்ததும் ஷெல் எடுத்து ஓட்டுவதே வழக்கம். புது வழி வந்தபின்னும் பழைய வாசலை யாரும் மூடவில்லை. என் ஸ்கிரிப்ட் அந்தப் பழைய வாசல் வழியாக நுழைந்திருக்கிறது.

இப்போது கை, க்ரான் வேறுபாடும் புரியும். என் டெர்மினலில் ஓடுவது பாஷ். அது எடுத்து ஓட்டினால் பாஷாகவே ஓட்டும். க்ரான் ‘/பின்/எஸ்எச்’ மூலம் அழைக்கிறது. உபுண்டுவில் 2006-இலிருந்தும், டெபியனில் 2011-இலிருந்தும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது பாஷ் அல்ல, டாஷ் என்ற சிறிய, வேகமான ஷெல். அதற்கு பாஷின் இரட்டைச் சதுர அடைப்பு, ‘[[’, தெரியாது. என் காவல் வரி எழுதப்பட்டிருந்தது அதில்தான்.

தெரியாததை அது எப்படி நடத்துகிறது என்பதில்தான் விஷம். ‘[[’ என்ற பெயரில் ஒரு கட்டளையைத் தேடும், கிடைக்காது, 127 என்ற வெளியேறு எண் வரும். ‘இஃப்’ நிபந்தனைக்குப் பூஜ்யம் தவிர எல்லாமே பொய். எனவே ‘லாக் கோப்பு இருக்கிறதா’ என்ற கேள்விக்கு எப்போதும் ‘இல்லை’ என்றே பதில். ஸ்கிரிப்ட் நிற்காது. பிழை வந்தால் நில் என்ற ஷெல்லின் ‘செட் -ஈ’ (set -e; மேலே சொன்ன sed அல்ல) அமைப்பைப் போட்டுத்தான் வைத்திருந்தேன். ஆனால் நிபந்தனைக்குள் தோற்கும் கட்டளையை அது கணக்கில் எடுப்பதில்லை. எடுத்தால் எந்த ‘இஃப்’ வரியும் எழுத முடியாது. மற்ற வரிகள் எல்லாம் எளிய பழைய நடையில் இருந்ததால் டாஷில் சிக்கலின்றி ஓடின. மொத்த ஸ்கிரிப்டில் செத்துப்போனது காவல்காரன் ஒருவன் மட்டுமே.

‘[[ கிடைக்கவில்லை’ என்று டாஷ் ஒவ்வொரு மணியும் புகார் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. க்ரான் அந்தப் புகாரை அஞ்சலில் அனுப்பும். எங்கள் க்ரான் வரியின் கடைசியில் யாரோ எப்போதோ பிழை வெளியீட்டை ‘/டெவ்/நல்’ பள்ளத்தில் கொட்டும்படி எழுதி வைத்திருந்தார்கள்.

சோதனைகள் ஏன் பிடிக்கவில்லை என்பதும் இதே கதைதான். சோதனைக் களத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் விதம்: ‘பாஷ்’ என்று எழுதி, அருகில் கோப்பின் பெயர். பைத்தான் கோப்புகளும் அப்படியே. கோப்பைப் படித்து ஓட்டும் நிரலை, அதாவது இன்டர்பிரெட்டரை நாமே சொல்லிவிட்டால் ஷெபாங் எங்கிருந்தால் என்ன. சோதனையில் ஓடியதும் க்ரானில் ஓடியதும் ஒரே கோப்பு, ஓட்டிய ஆள் வேறு. ஷெல் ஸ்கிரிப்டுகளில் பிழை தேடும் ஷெல்செக் கருவியை ஓட்டியிருந்தால் அது பிடித்திருக்கும். ஷெபாங் முதல் வரியில் இருக்க வேண்டும் என்பதற்கென்றே அதில் 1128 என்ற எண்ணில் ஓர் எச்சரிக்கை உண்டு. பின்னால் சேர்த்தோம்.

தோண்டியபோது கிடைத்த மற்றவை

கமிட்டைத் திருப்பிப் போடுவதற்கு முன்னால், என் கட்டளை வேறென்ன செய்தது என்று உட்கார்ந்து பார்த்தேன். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி மூலம் ஓடும் ஒரு சேவையின் ஸ்கிரிப்டும் பட்டியலில் இருந்தது. அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் எதுவும் தெரியவில்லை. மறுதொடக்கம் செய்திருந்தால் எழுந்திருக்காது. சிஸ்டம்டி ஷெல்லைப் போல எடுத்து ஓட்டுவதில்லை; கர்னல் மறுத்தால் 203 என்ற நிலைக்குறியோடு சேவை விழுந்தது என்று அறிவித்துவிடும். எனக்கு அந்த நடத்தை பிடித்திருக்கிறது.

சிம்லிங்க் (இன்னொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) விஷயம் இன்னும் நுட்பமானது. ‘அந்தக் கோப்பிலேயே திருத்து’ என்று நாம் சொன்னாலும் செட் அந்தக் கோப்பைத் தொடுவதில்லை. அதே அடைவில் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி, முடிந்ததும் அதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. பெயர் அதுவே, உடல் வேறு. இதில் ஒரு நன்மை உண்டு: பாஷ் ஒரு ஸ்கிரிப்டை முழுதாகப் படித்துவிட்டு ஓட்டுவதில்லை, ஓட ஓடப் படிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கோப்பின் உள்ளேயே எழுத்துகளைத் தள்ளினால் அடுத்த வரியை நடுவிலிருந்து படித்துக் கோமாளித்தனம் செய்யும். புது உடல் என்பதால் ஓடும் செயல் பழையதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக முடிகிறது. தீமை: அந்தப் பெயர் ஒரு சிம்லிங்க் என்றால், இணைப்பு போய் அங்கே ஒரு சாதாரணக் கோப்பு முளைத்துவிடும். நான் ஃபைண்டில் ‘கோப்பு மட்டும்’ என்று கட்டுப்படுத்தவில்லை. மூன்று இணைப்புகள் நகல்களாகியிருந்தன. ஒன்றில் அதற்குள் ஒருவர் திருத்தமும் செய்துவிட்டார், மூலத்தில் செய்வதாக நினைத்துக்கொண்டு. இணைப்பைப் பின்தொடர் என்று குனூ செட்டிடம் (லினக்ஸில் வழக்கமாக இருக்கும் செட்) சொல்ல ஓர் ஆப்ஷன் இருக்கிறது. இருப்பது தெரிந்தும் பயன்படுத்தாததற்கு என்னிடம் நல்ல காரணம் இல்லை.

காலியான கோப்புகளில் எதுவும் நுழையவில்லை. பைத்தான் தொகுப்புகளில் வெறுமையாக வைக்கப்படும் தொடக்கக் கோப்புகள் அவை. செட் வரி வரியாகத்தான் வாழ்கிறது. ஒரு வரிகூட இல்லாத கோப்பில் ‘ஒன்றாம் வரி வந்ததும்’ என்ற கணம் வருவதே இல்லை. தீங்கில்லை, ஆனால் பிழைச் செய்தியும் இல்லை.

மேக் கணினியில் ஒருவர் இதே கட்டளையை ஓட்டிப் பார்த்து, அடைவு முழுக்கப் பெயரின் வாலில் ‘-ஈ’ ஒட்டிய நகல்களை உண்டாக்கி வைத்தார். அங்கிருக்கும் செட், பிஎஸ்டி என்ற இன்னொரு யூனிக்ஸ் கிளை வழி வந்தது. அதன் ‘-ஐ’ ஆப்ஷன் அடுத்து வருவதைக் காப்புநகலின் வால்பெயர் என்று விழுங்கிவிடும். அடுத்து இருந்தது, நிரல் இதோ என்று செட்டுக்குச் சொல்லும் ‘-ஈ’ ஆப்ஷன். இது சொல்லிச் சிரிக்க மட்டும்.

திருத்தமும் ஒருமுறை கடித்தது

கமிட்டைத் திருப்பினோம். அந்த ஒரு சிம்லிங்கில் மோதல் வந்தது, கையால் தீர்த்தோம். குறிப்பு எப்படியும் சேர்த்தாக வேண்டும் என்பதால் இரண்டாம் முயற்சி: முதல் வரி ‘#!’ என்று தொடங்கினால், முன்னால் செருகும் ‘ஐ’க்குப் பதில் பின்னால் சேர்க்கும் ‘ஏ’. இல்லாவிட்டால் பழையபடி ‘ஐ’. எனக்குத் திருப்தியாக இருந்தது.

பைத்தான் கோப்பு ஒன்று உடனே விழுந்தது, யூடிஎஃப்-8 ஆகப் படிக்க முடியாத பைட் என்று. எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் பழைய முறையான லத்தீன்-1 குறிமுறையில் எழுதிய கோப்பு அது. அதன் இரண்டாம் வரியில் குறிமுறையைச் சொல்லும் கமெண்ட் இருந்தது. பைத்தான் அந்த அறிவிப்பை முதல் இரண்டு வரிகளில் மட்டுமே தேடும். பைத்தானின் பெப் 263 என்ற ஆவணம் வகுத்த விதி. நான் ஷெபாங்கைக் காப்பாற்றினேன், அதன் கீழிருந்தவனை ஐந்தாம் வரிக்குத் தள்ளினேன். அவ்வளவு சூடு பட்டும் என் மனம் ‘இந்த வரியை எங்கே வைப்பது’ என்றே யோசித்திருக்கிறது. யாரை நகர்த்துகிறேன், அவரை வழக்கமான இடத்தில் தேடி வருபவர் யார் என்று கேட்கவே இல்லை.

மூன்றாம் வடிவம் ஒரு வரிக் கட்டளை அல்ல, முப்பது வரி ஸ்கிரிப்ட். கோப்பு சிம்லிங்க் என்றால் தொடாது. முதல் பத்து வரியில் குறிப்பின் முதல் வரி ஏற்கெனவே இருக்கிறதா என்று கிரெப் என்ற தேடல் கட்டளை கொண்டு பார்க்கும், இருந்தால் தாண்டிவிடும். இல்லாவிட்டால் இரண்டாம் முறை ஓட்டும்போது குறிப்பு இரட்டிக்கும், அதுவும் நடந்திருந்தது. கோப்பு காலி என்றால் செட்டை விட்டுவிட்டு ஷெல்லின் ‘>>’ கொண்டு நேரடியாக எழுதும். மற்றவற்றில் தலைப்பகுதியில் அசைக்கக்கூடாத வரிகள் எத்தனை என்று எண்ணும்: ஷெபாங் இருந்தால் ஒன்று, அடுத்து குறிமுறை வரி இருந்தால் இன்னொன்று. அந்த எண்ணுக்குப் பின் ‘ஏ’. எண் பூஜ்யம் என்றால் மட்டும் ‘ஐ’, ஏனெனில் பூஜ்யமாம் வரிக்குப் பின் சேர் என்பதை குனூ செட் ஏற்காது.

செருகும் வரிகளை நிரலுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வைத்து, செட்டின் ‘ஆர்’ கட்டளையால் வாசித்துச் சேர்க்கலாமே என்று ஒருவர் கேட்டார். மேற்கோள் குறி, பின்சாய்வுத் தொல்லையெல்லாம் இல்லாத அழகான வழி. ஆனால் அந்தக் கோப்பு காணாமல் போனால் ‘ஆர்’ எதுவும் சொல்லாமல் நகர்ந்துவிடும். அமைதியாகத் தோற்கும் எதையும் அந்த வாரத்தில் நான் நம்பத் தயாராக இல்லை. கோப்பு இருக்கிறதா என்ற சோதனையை முன்னால் வைத்தபிறகே ஒத்துக்கொண்டேன்.

புது ஸ்கிரிப்டை ஓட்டியபின், ஓட்ட அனுமதி உள்ள கோப்புகள் எல்லாவற்றின் முதல் இரண்டு பைட்டையும் எடுத்து, முன்னிருந்த கமிட்டோடு ஒப்பிட்டோம். ஒன்றும் மாறவில்லை. சோதனைக் களத்தில் ஸ்கிரிப்டுகளை இப்போது இன்டர்பிரெட்டர் பெயர் சொல்லாமல், க்ரான் அழைக்கும் விதத்திலேயே ‘/பின்/எஸ்எச்’ வழியாக ஓட்டுகிறோம்.

கடைசியாக, க்ரான் வரிகளில் ‘/டெவ்/நல்’ இருந்த இடங்களை எல்லாம் நீக்கினோம். அன்றிரவே ஓர் அஞ்சல் வந்தது: ‘[[ கிடைக்கவில்லை’. நெஞ்சு ஒரு கணம் நின்றது. திறந்து பார்த்தால் நாங்கள் இன்னும் குறிப்பே சேர்க்காத, பட்டியலில் இல்லாத வேறொரு பழைய ஸ்கிரிப்ட். அதன் முதல் வரி வெற்று வரி. இரண்டாம் வரியில் ஷெபாங். கிட் வரலாற்றைப் புரட்டினேன். முதல் கமிட்டிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது.